செய்தவர் பெயரையும் எழுதுங்கள்

கன்னியாகுமரி மாவட்டத்தில் மரத்தில் உருவம் செய்கிற ஒரு சிற்பிக்கு, அவர் உயிரோடு இருக்கும்போதே, வாழ்நாள் வேலை முழுவதையும் ஓர் அருங்காட்சியகத்தில் வரிசையாக வைத்துக் காட்ட வேண்டும். முதலில் ஒருவருக்கு, பிறகு ஆண்டுக்கு ஒருவருக்கு. இதை அரசிடம் கேட்கவும், ஏன் கேட்கிறேன் என்று வாசகர்களிடம் சொல்லவுமே இந்தக் கட்டுரை.

மரவேலைக்குப் பேர்போன மாவட்டம் இது. பத்மநாபபுரம் கொட்டாரத்தின் (அரண்மனையின்) முகப்பான பூமுகத்தில் நின்று நிமிர்ந்தால் மர மச்சில் 90 பூக்கள் தெரியும். ஒன்றைப் போல் இன்னொன்று இராது. உள்ளே தாய்க்கொட்டாரத்தில் ஒற்றைப் பலாமரத்தில் செதுக்கிய தூண் நிற்கிறது. சுசீந்திரத்தில் தேர் ஓடுகிறது. கோட்டாறு சவேரியார் பேராலயத்திலும் தேர் ஓடுகிறது. வேளிமலை அடிவாரத்திலிருந்து மேற்கே போனால், இன்னும் இடிக்காமல் விட்ட பழைய வீடுகளில் உத்தரம், கழுக்கோல், நிலை, பத்தாயம் என்று கை படாத மரமே இருக்காது. இவ்வளவு இருக்கிற ஊரில், ஒரு தனி மனிதர் இளவயதில் செய்தது, நடுவயதில் செய்தது, தள்ளாத வயதில் செய்தது என்று அடுக்கிக் காட்டிய கண்காட்சி ஒன்றை நான் பார்த்ததில்லை.

நான் தக்கலைக்குப் பக்கத்தில் ஓர் ஆசாரியின் மகள். அரசுப் பள்ளியில் ஓவிய ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்றவள். அப்பாவின் பட்டறையில் பெண்பிள்ளைக்கு உளி கிடையாது. எனக்குக் கிடைத்தது கணக்கு எழுதும் வேலை. சாயங்காலம் கைகால் கழுவிவிட்டு அவர் சொல்லச் சொல்ல நான் எழுதுவேன். அந்த நோட்டுகள் இன்னும் என்னிடம் இருக்கின்றன. கொல்லம் ஆண்டுக் கணக்கில் எழுதியவை. 1147 தை மாதத்தில், அதாவது 1972 தொடக்கத்தில், கல்குளம் வீடு ஒன்றுக்கு இரட்டைக் கதவு, மரம் பலா, கதவின் தலைப்பலகையில் யாளி முகம் இரண்டு, எத்தனை நாள் வேலை, எவ்வளவு முன்பணம், எவ்வளவு பாக்கி. வேலை கொடுத்தவர் பெயர் இருக்கிறது, மரத்தின் பெயர் இருக்கிறது, மரம் அறுத்தவரின் கூலிகூட இருக்கிறது. அப்பாவின் பெயர் எந்தப் பக்கத்திலும் இல்லை. அது அவருடைய சொந்த நோட்டு, அதில் வேண்டியதில்லை. ஆனால் அந்தக் கதவில் இல்லை. அந்த வீட்டாரின் பத்திரங்களில் இல்லை. அவர் உழைத்த கோயில் தேரில் இல்லை. அப்படியானால் எங்கேதான் இருக்கிறது?

பள்ளிப் பிள்ளைகளைப் பத்மநாபபுரத்துக்கு அழைத்துப் போகும்போது, யாராவது ஒரு பிள்ளை கேட்கும்: “டீச்சர், இதை யார் செஞ்சது?” 1601 வாக்கில் இரவி வர்ம குலசேகரப் பெருமாள் கட்டியது, 18ஆம் நூற்றாண்டின் நடுவில் மார்த்தாண்ட வர்மா திருத்திக் கட்டியது என்று பதில் வரும். பிள்ளை கேட்டது அதையல்ல. கட்டச் சொன்னது யார் என்று வரலாற்றில் இருக்கிறது. செய்தது யார் என்று இல்லை. முந்நூறு, நானூறு ஆண்டுக்கு முந்தைய பெயர்களை இனி மீட்க முடியாது. இன்று நம்மோடு வாழ்கிறவர்களின் பெயரையும் அதே வழியில் தொலைத்துக்கொண்டிருக்கிறோம் என்பதுதான் என் வருத்தம்.

வரிசையாக வைத்தால் தெரிவது

இப்படி ஒருவருடைய வேலையை முழுதாகக் காட்டுவதால் என்ன பயன் என்று கேட்பவர்கள் உண்டு. டெல்லியில் தேசிய நவீனக் கலைக்கூடம், சிற்பி தன்ராஜ் பகத்தின் நூற்றாண்டையொட்டி அப்படியொரு கண்காட்சியை நடத்தியது. 1917-ல் லாகூரில் பிறந்தவர் அவர். அங்கே மேயோ கலைப்பள்ளியில் படித்து, பிறகு டெல்லியில் பல தலைமுறை மாணவர்களுக்குச் சிற்பம் சொல்லிக்கொடுத்தார். 1977-ல் பத்மஸ்ரீ பெற்றார், 1988-ல் காலமானார். கல், சிமெண்ட், உலோகத் தகடு என்று பலவற்றிலும் செய்தார் என்றாலும், மரத்தில் அவர் செய்த நெடிய உருவங்கள் தனி. மரம் வளர்ந்த வாக்கிலேயே உருவமும் நிமிர்ந்து நிற்கும். கைகள் உடம்பை விட்டு விலகாமல், நார் ஓடுகிற திசையிலேயே ஓடும். பிற்காலத்தில் அதே மனிதர் மரத்தின் மேல் தகடு பொதிந்து ஆணி அறைந்தார். ஒரே ஒரு உருவத்தைப் பார்த்தால் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவோம். நாற்பது ஆண்டு வேலையை வரிசையாகப் பார்க்கும்போதுதான், இந்த இடத்தில் அவர் தயங்கினார், இங்கே துணிந்தார், இதைக் கைவிட்டார், இதைப் பிடித்துக்கொண்டார் என்று ஒரு மனிதரின் யோசனை நம் கண்ணில் படும்.

அமெரிக்காவில் மார்ட்டின் பியூரியர் என்ற கறுப்பினச் சிற்பி இருக்கிறார். நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் 2007-ல் அவருக்கு வாழ்நாள் கண்காட்சி நடத்தியது. அவர் கதையில் நம் ஊருக்கு நெருக்கமான ஒரு பகுதி உண்டு. 1964 முதல் 1966 வரை மேற்கு ஆப்பிரிக்காவின் சியரா லியோனில் தொண்டராகப் போய்ப் பள்ளியில் பாடம் நடத்தினார். அங்கே உள்ளூர்த் தச்சர்கள் மின்கருவி எதுவும் இல்லாமல் செய்த வேலையைப் பக்கத்திலிருந்து கற்றார். பிறகு ஸ்வீடனுக்குப் போய்க் கலைக்கல்லூரியில் படித்தார். பின்னாளில் உலகம் கொண்டாடிய அவருடைய கைவேலைக்கு அந்தத் தச்சர்களும் ஓர் ஊற்று.

அந்தக் கண்காட்சியில் ஓர் ஏணி தொங்கியது. 1996-ல் அவர் செய்தது. 36 அடி நீளம். ஓர் இளமரத்தை நீளவாக்கில் பிளந்து இரு பக்கக் கால்களாக்கி, மரத்தின் இயல்பான வளைவு நெளிவோடு அப்படியே விட்டிருந்தார். கீழே அகலமாகத் தொடங்கும் ஏணி, உச்சியில் ஓர் அங்குலம் அளவுக்குக் குறுகிவிடும். அடிமையாகப் பிறந்து கல்வியாளராக உயர்ந்த புக்கர் டி. வாஷிங்டனின் பெயரை அதற்கு வைத்தார். ஏறச் சொல்கிறார்கள், ஆனால் ஏற ஏற வழி குறுகுகிறது என்பதை ஒரு தச்சு வேலையால் சொல்லிவிட்டார். மரத்தைப் பிளந்து, படிக்குத் துளை போட்டு, முளை அடித்து இறுக்குவது நம் ஆசாரிகளுக்குத் தெரியாத வேலை அல்ல. அந்த வேலையைக் கொண்டு இப்படியும் பேசலாம் என்பதைப் பார்க்கும் வாய்ப்பு அவர்களுக்குக் கிடைக்கவில்லை. அவர்கள் தம் போக்கில் பேசியிருப்பதைப் பார்க்கும் வாய்ப்பு நமக்கும் கிடைக்கவில்லை.

அளவுக்குள் அடங்கியவரா?

இதற்கு எப்போதும் வருகிற மறுப்பு ஒன்று: ஆசாரி செய்வது சாஸ்திர அளவுப்படி, தாத்தா செய்ததை அப்பா செய்தார், அப்பா செய்ததைப் பேரன் செய்கிறார், அதில் தனி ஆளுக்கு என்ன இடம்?

ஜப்பானைப் பார்க்கலாம். உன்கெய் என்று ஒரு மரச்சிற்பி, 1223-ல் இறந்தவர். அப்பாவும் சிற்பி, பிள்ளைகளும் சிற்பிகள். கோயிலுக்காக, இலக்கணப்படி, பட்டறையில் பலரைச் சேர்த்துக்கொண்டு வேலை செய்தவர். நாரா நகரின் தொதாய்-ஜி கோயில் வாசலில் எட்டு மீட்டருக்கு மேல் உயர்ந்து நிற்கும் இரண்டு காவல் உருவங்களை, ஏராளமான மரத்துண்டுகளைப் பொருத்தி, 1203-ல் சுமார் 70 நாளில் அவருடைய கூட்டம் செய்து முடித்தது. 1176-ல், இளவயதில், அவர் செய்த புத்த உருவம் ஒன்றின் பீடத்தில் தம் பெயரையும் தமக்குக் கற்பித்த அப்பாவின் பெயரையும் எழுதி வைத்தார். தோக்கியோ தேசிய அருங்காட்சியகம் 2017-ல் அவருக்கென்று தனிக் கண்காட்சி நடத்தியது. அவர் கையால் ஆனவை என்று கருதப்படும் 31 உருவங்களில் 22-ஐ ஒரே இடத்தில் சேர்த்தார்கள். மரபுக்குள் வேலை செய்தவர், கோயிலுக்குச் செய்தவர், குடும்பத் தொழிலாகச் செய்தவர், கூட்டமாகச் செய்தவர்: நம் ஆசாரிகளைப் பற்றிச் சொல்லும் அத்தனையும் அவருக்கும் பொருந்தும். ஒரு வித்தியாசம், அவர் பெயர் எழுதப்பட்டது.

இனி நம் ஊருக்கு வருகிறேன். திங்கள்சந்தைப் பக்கம் ஓர் ஆசாரி இருக்கிறார். வயது எழுபது தாண்டிவிட்டது. தம் பெயர் செய்தித்தாளில் வர வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் எழுதவில்லை. பல ஆண்டு இடைவெளியில், வேறு வேறு ஊர்களில், மூன்று தேவாலயங்களின் தேர்களுக்கு அவர் சம்மனசுகள், அதாவது வானதூதர் உருவங்கள், செய்திருக்கிறார். மூன்றும் தேக்கு. மூன்றுக்கும் கொடுத்த படம் ஏறக்குறைய ஒன்றுதான். கை கூப்பி, சிறகு விரித்து நிற்கும் உருவம். இளவயதில் செய்த முதல் சம்மனசின் சிறகில் இறகுகள் மீன் செதிள் மாதிரி, ஒரே அளவில், வரிசை தப்பாமல் இருக்கின்றன. விடாமுயற்சி தெரிகிறது, பறக்கிற எண்ணம் தெரியவில்லை. இரண்டாவதில் இறகுகளின் நுனி ஒன்றையொன்று விட்டுப் பிரிகிறது. அடியில் உளியை உள்ளே விட்டுக் குடைந்து எடுத்திருப்பதால், வெயில் பட்டால் ஒவ்வோர் இறகுக்கும் கீழே நிழல் விழுகிறது. மூன்றாவதில் சிறகின் ஓரத்தில் மட்டும் மூன்று இறகுகள். மீதி இடத்தை வழவழப்பாக இழைத்து வெறுமையாக விட்டுவிட்டார். அந்த இடத்தில் தேக்கின் ரேகை தானாக இறகு மாதிரி ஓடுகிறது.

ஏன் அப்படி விட்டீர்கள் என்று கேட்டேன். “தேக்குக்கு ரேகை இருக்கு, டீச்சரே. அது மேல நான் வேற என்னத்தைக் கோடு போட?” என்றார்.

படத்தைக் கொடுத்தவர்கள் இதைக் கேட்கவில்லை. எந்த நூலும் இதைச் சொல்லவில்லை. அவர் மட்டும், ஒரு வாழ்நாள் முழுதும் அதே சிறகைத் திரும்பத் திரும்பச் செய்து, எதை விட்டுவிடலாம் என்று கண்டுபிடித்திருக்கிறார். மூன்று சம்மனசுகளும் மூன்று ஊர்களில் இருப்பதால் இது யாருக்கும் தெரியவில்லை. செல்பேசியில் எடுத்த படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். அவரே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அருங்காட்சியகம் செய்ய வேண்டியது இதைத்தான், முறையாகவும் பெரிதாகவும்.

யாருடைய பொறுப்பிலும் இல்லாதவர்

இது ஏன் நடக்கவில்லை? கெட்ட எண்ணத்தால் அல்ல. ஒவ்வொரு துறைக்கும் ஓர் எல்லை இருக்கிறது. ஆசாரி எல்லா எல்லைக்கும் வெளியே நிற்கிறார்.

1973 முதல் இயங்கும் பூம்புகார் என்ற கைத்திறத் தொழில்கள் வளர்ச்சிக் கழகம் கைவினைப் பொருள்களை விற்கிறது, விருது தருகிறது. ‘வாழும் கைவினைப் பொக்கிஷம்’ என்ற விருதும் மாநிலத்தில் உண்டு. நல்ல காரியம். ஆனால் விருது ஒரு நாள் விழா. வேலையை வரிசையாகப் பார்க்கிற இடம் அது அல்ல. பெரம்பலூர் மாவட்டத்து அரும்பாவூர் மரச்சிற்பங்களுக்கு 2020-லும், கள்ளக்குறிச்சி மரச்சிற்பங்களுக்கு 2021-லும் புவிசார் குறியீடு கிடைத்தது. அதையும் மனதார வரவேற்கிறேன். ஆனால் குறியீடு ஊருக்குக் கிடைப்பது, ஆளுக்குக் கிடைப்பதல்ல. மாமல்லபுரத்தில் அரசு சிற்பக் கல்லூரி இருக்கிறது; அங்கே படித்து வருபவர்களுக்குப் பட்டம் உண்டு, பட்டறையில் படித்தவருக்கு இல்லை. தேசிய நவீனக் கலைக்கூடம் டெல்லியிலும் மும்பையிலும் பெங்களூரிலும் இருக்கிறது, தமிழ்நாட்டில் இல்லை. நம் அருங்காட்சியகங்கள் பழையதைக் காப்பதையே முதல் வேலையாக நினைக்கின்றன. எந்தக் கோயில் தேர், எந்த நூற்றாண்டு என்று எழுதி வைக்கிறார்கள். ஆசாரி செய்தது பழையதாக வேண்டும் என்றால் அவர் முதலில் சாக வேண்டும்.

நம் மாவட்டத்துக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. 1956 நவம்பர் 1 அன்று நாம் தமிழகத்தோடு இணைந்தோம். பத்மநாபபுரம் அரண்மனை மட்டும் கேரளத் தொல்லியல் துறையின் பராமரிப்பில் தொடர்கிறது. அவர்கள் நன்றாகவே பராமரிக்கிறார்கள். ஆனால் மாவட்டத்தின் மிகப் பெரிய மரவேலைச் சேகரம் ஓர் அரசிடமும், அதே வேலையை இன்று செய்கிறவர்கள் இன்னோர் அரசிடமும் இருக்கிறார்கள்.

இதில் சாதியும் இருக்கிறது. அதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. கல்லூரியில் படித்தவர் மரத்தைச் செதுக்கினால் அது படைப்பு, அவர் கலைஞர். ஆசாரி செதுக்கினால் அது குலத்தொழில், அவருக்கு நாள்கூலி. குலத்தொழில் என்று சொன்னதும், திறமை ரத்தத்தில் வருகிறது, தனியாகப் பாராட்ட ஒன்றுமில்லை என்றாகிவிடுகிறது. ரத்தத்தில் எதுவும் வருவதில்லை. அப்பாவின் பெருவிரல் அடியில் இருந்த காய்ப்பு பிறவியில் வந்ததல்ல. ரத்தத்தில்தான் வருமென்றால் எனக்கும் வந்திருக்க வேண்டும். உளியைக் கையில் கொடுக்காததால் வரவில்லை. அதனால் குலப்பெருமை பேசுவது என் நோக்கம் அல்ல. ஒவ்வொருவரின் பெயரையும் வேலையையும் தனித்தனியாக எழுதத் தொடங்கினால்தான் குலம் பின்னுக்குப் போய் ஆள் முன்னால் வருவார். அப்போதுதான் எந்த வீட்டுப் பிள்ளையும், பெண்பிள்ளையும், எனக்கும் இது வேண்டும் என்று பட்டறைக்குள் வர முடியும்.

ஏன் இப்போதே?

பட்டறைகளில் கணினி இயக்கும் சிஎன்சி இயந்திரம் வந்துவிட்டது. படத்தைக் கோப்பாகக் கொடுத்தால் கதவுப் பலகையில் பூவும் கொடியும் விழுந்துவிடும். இயந்திரத்தை நான் குறை சொல்லவில்லை. கட்டுப்படியாகிற விலையில் கதவு வேண்டும் என்பவருக்கு அது உதவும். ஆனால் நம் ஊர்களில் பெரும்பாலும் இருப்பது மூன்று அச்சில் நகரும் வகை. சுழலும் முனை மேலிருந்து கீழே இறங்கும், நீளத்தில் நகரும், அகலத்தில் நகரும். பக்கவாட்டில் சாய்ந்து ஓர் இதழின் அடிப்புறத்துக்குள் நுழைய அதனால் முடியாது. அதனால் அது செய்கிற பூ பலகையில் ஒட்டி வைத்த மாதிரி இருக்கும். அடியில் குடைந்து நிழல் உண்டாக்குவது இன்னும் கையின் வேலைதான். அந்த வேறுபாட்டைக் கண்ணால் பார்த்துப் பழகாதவர், கை வேலைக்கு ஏன் அதிகம் கொடுக்க வேண்டும் என்று கேட்பார். பார்த்துப் பழக இடம் வேண்டும்.

இன்னொரு பக்கம், பழைய வீடுகள் இடிபடுகின்றன. தூணும் நிலையும் லாரியில் ஏறி, விடுதிகளுக்கும் பழம்பொருள் கடைகளுக்கும் போகின்றன. சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில் உள்ள தட்சிணசித்ரா பழைய வீடுகள் சிலவற்றைப் பிரித்துக் கொண்டுபோய் மறுபடி நிறுத்திக் காப்பாற்றியிருக்கிறது. அந்த நல்ல கதி எல்லா வீட்டுக்கும் கிடைக்காது. தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் பெய்கிற மாவட்டம் இது. மரம் ஈரத்தில் உப்பும், வெயிலில் சுருங்கும்; வெடிப்பில் கறையான் ஏறும். கல் காத்திருக்கும். மரம் காத்திருக்காது. அதைச் செய்தவர்களும் காத்திருக்கப்போவதில்லை. இந்தக் கதவுநிலையை யார் செய்தது என்று சொல்லக்கூடிய கடைசி ஆள் போய்விட்டால், அந்த வேலை என்றைக்குமாகப் பெயரற்றதாகிவிடும்.

எப்படிச் செய்யலாம்?

கன்னியாகுமரியில் அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. கடல் பார்க்க வருகிற கூட்டம் அந்த ஊரில் குறைவதே இல்லை. அங்கே ஒரு கூடத்தை ஆண்டில் மூன்று மாதம் இதற்கு ஒதுக்கினால் போதும். ஆளைத் தேர்ந்தெடுக்கும் குழுவில் அதிகாரிகளோடும் பேராசிரியர்களோடும் வேலை தெரிந்த ஆசாரிகள் இருவராவது இருக்க வேண்டும். எது நல்ல வேலை என்று அவர்களைவிடத் தெரிந்தவர்கள் இல்லை.

பொருள்களை வீடுகளிலிருந்தும் தேவாலயங்களிலிருந்தும் இரவல் வாங்கலாம். ரசீதும் காப்பீடும் கொடுத்து, பத்திரமாகத் திருப்பித் தர வேண்டும். வழிபாட்டில் இருக்கும் உருவத்தையும், சுவரோடு பொருந்திய நிலையையும், தேரையும் அசைக்க வேண்டியதில்லை. ஆள் உயரப் புகைப்படமும் ஒரு சிறு படச்சுருளும் அவற்றின் இடத்தை நிரப்பும். ஒரு எச்சரிக்கை: ஓட்டு வீட்டின் ஈரக்காற்றில் பல்லாண்டு இருந்த மரத்தை நேரே குளிர்சாதன அறையில் கொண்டுபோய் வைத்தால் வெடித்துவிடும். கூடத்தை இயற்கைக் காற்றோட்டத்தோடு வைப்பதே நல்லது, செலவும் குறையும்.

முடிந்த வேலை மட்டும் போதாது. பாதியில் நின்றது, கணு வந்து கெட்டுப்போனது, வெடித்ததால் ஒதுக்கியது எல்லாவற்றையும் வையுங்கள். உளிகளை, கொட்டாப்புளியை, தேய்ந்துபோன முழக்கோலை வையுங்கள். கணக்கு நோட்டுகளின் நகலை வையுங்கள். யார் வீட்டில் எது இருக்கிறது என்று தேடிப் போக இதைவிட நல்ல வழிகாட்டி வேறில்லை. அப்பாவின் நோட்டுகளைப் படியெடுக்க நான் தரத் தயார். இப்படி எத்தனையோ வீட்டுப் பரண்களில் கிடக்கும். பார்வையற்றவர்களும் பிள்ளைகளும் தடவிப் பார்க்க ஓர் உருவத்தைத் தனியாக ஒதுக்குங்கள். மரத்தை அறிவதில் கண்ணுக்கு இணையான பங்கு விரலுக்கு உண்டு.

எல்லாவற்றையும்விட, பெயர்ப்பலகை. செய்தவர் பெயர், ஊர், எந்த ஆண்டு, என்ன மரம், யாருக்காகச் செய்தது, கூட நின்று செய்தவர்கள் பெயர். ஆறு விவரம்தான். இதை எழுதத் தனியாக ஒரு பைசாகூடத் தேவையில்லை. இரவல் தந்தவருக்கு ஒரு சிறு தொகை, சிற்பிக்கு மதிப்பான சன்மானம், கண்காட்சி முடிந்ததும் ஓர் உருவத்தை அருங்காட்சியகமே விலை கொடுத்து வாங்குவது; இவ்வளவும் சேர்ந்தாலும், ஒரு சுற்றுலா விழாவின் மேடைச் செலவைத் தாண்டாது என்றே நினைக்கிறேன். ஆண்டுக்கு ஓர் உருவம் என்று வாங்கி வந்தால், இருபது ஆண்டில் நம் மாவட்டத்தின் மரச்சிற்பத்துக்கு, பெயரும் முகவரியும் உள்ள ஒரு சேகரம் உண்டாகிவிடும்.

பத்மநாபபுரத்தைப் பராமரிக்கும் கேரளத் தொல்லியல் துறையும் இதில் சேர வேண்டும். அரண்மனை வளாகத்திலேயே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. பூமுக மச்சைப் பார்த்துவிட்டு வெளியே வருகிறவர், அதே வழியில் வந்த கை இன்று என்ன செய்கிறது என்பதையும் அங்கே பார்க்க முடிந்தால், அந்த 90 பூக்களும் இன்னும் நன்றாகப் புரியும். மொழியும் எல்லையும் பிரிந்தது 1956-ல், மரவேலை பிரியவில்லை.

அரசு செய்யட்டும் என்று காத்திருக்காமல் நாம் செய்யக்கூடியதும் உண்டு. உங்கள் வீட்டுக் கதவை, கட்டிலை, ஊர்க்கோயில் தேரை, தேவாலயப் பீடத்தைச் செய்தவர் யார் என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள். பெயர், ஊர், ஏறத்தாழ எந்த ஆண்டு. ஒரு தாளில் எழுதி, படம் எடுத்துச் சேர்த்து வையுங்கள். ஆசிரியர்கள் பிள்ளைகளுக்கு இதையே ஒரு செயல்திட்டமாகக் கொடுக்கலாம். ஒரு வகுப்புப் பிள்ளைகள் ஒரு கோடை விடுமுறையில் ஓர் ஊரின் மரவேலைகளை முழுதாகப் பட்டியலிட்டுவிடுவார்கள். அந்தப் பட்டியல்களை வாங்கிச் சேர்க்க, மாவட்ட அருங்காட்சியகம் ஒரு பதிவேட்டைத் திறக்கட்டும்.

முதல் கண்காட்சி யாருக்கு என்பதில் எனக்குப் பிடிவாதம் இல்லை. ஆனால் எழுபதைத் தாண்டியவர்களிடமிருந்து தொடங்குங்கள். அவர்கள் தம் வேலைக்குப் பக்கத்தில் தம் பெயரை ஒரு முறையாவது படிக்க வேண்டும். அதற்கு வருகிற நிதியாண்டில் ஒரு கூடமும் ஓர் அரசாணையும் போதும், அதைத்தான் கேட்கிறேன்.